விட்டுவிட்ட மீனும் கணக்கில் உண்டு

2017 ஜூலையில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மில் லாக்ஸ் என்ற ஏரியில் வால்ஐ மீன் பிடிக்க மூன்று வாரம் தடை போட்டார்கள். இதில் என்ன விசேஷம்னா, அந்த சீசன் முழுக்கவே ஒரு வால்ஐகூட வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கிடையாது. தூண்டில் போடலாம், பிடிக்கலாம், போட்டோ எடுக்கலாம், திரும்ப ஏரியில் விட்டுடணும். அப்புறம் எதுக்குத் தடை? விட்டுவிடுற மீனுக்கு என்ன ஆகிடப் போகுது?

இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனதில் சேர்த்த குறிப்புகள்தான் இது.

முதல்ல மீன். வால்ஐ-ன்னு தமிழில் எழுதினா ஏதோ வாலுக்கு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்த்த மாதிரி இருக்கு. வேற பேர் இல்லை, பொறுத்துக்குங்க. அதன் கண்ணுக்குள்ளே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. ராத்திரி டார்ச் அடிச்சா மாட்டுக் கண் மின்னுமே, அதே சமாச்சாரம்தான். மங்கலான வெளிச்சத்தில், கலங்கலான தண்ணியில் வேட்டையாட ஏத்த கண். மின்னசோட்டாவின் மாநில மீனும் இதுதான்.

ஏரி சுமார் 536 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியை (426) உள்ளே வெச்சாலும் இடம் மிச்சம் இருக்கும். ஆனா ஆழம் அதிகபட்சம் நாற்பது அடி சொச்சம்தான். 1837-ல் ஒஜிப்வே மக்கள் இந்தப் பகுதி நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் போட்டப்போ, வேட்டையாடும், மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வெச்சுக்கிட்டாங்க. மாநில அரசு ரொம்ப காலம் அதை மதிக்கலை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1999-ல் 5-4 என்ற கணக்கில் ஒஜிப்வே மக்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் 'இவ்வளவு பவுண்டு எடுத்தா ஏரி தாங்கும்'னு ஒரு எண் போட்டு, மாநிலமும் எட்டு ஒஜிப்வே குழுக்களும் பங்கு பிரிச்சுக்கறாங்க.

அந்த எண் எப்படிச் சரிஞ்சது பாருங்க. 2013-ல் 2,50,000 பவுண்டு. 2014-ல் 60,000. 2015-ல் வெறும் 40,000. அதில் மாநிலத் தூண்டில்காரங்களுக்கு 28,600. அந்த வருஷம் ஆளுக்கு ஒரு மீன்தான், அதுவும் 19 முதல் 21 அங்குலம், இல்லைன்னா 28 அங்குலத்துக்கு மேல. அப்படியும் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பங்கு தீர்ந்து, பாதியில் மூடினாங்க. ஏரிக்கரையில் லாட்ஜ் நடத்துறவங்க, தூண்டில் இரை விக்கறவங்க எல்லாருக்கும் அந்தச் சீசன்தான் வருஷ வருமானம்.

கோபம் உடனே ஒஜிப்வே வலைகள் மேல பாஞ்சது. எனக்கு இது அரைகுறைக் கணக்காத்தான் படுது. முட்டையும் குஞ்சும் ஏரியில் போதுமான அளவு இருந்தது. குஞ்சுகள் இரண்டாவது, மூன்றாவது இலையுதிர்காலம் வரை பிழைக்காததுதான் சிக்கல். 1980-களிலிருந்தே தண்ணி தெளிஞ்சுக்கிட்டு வந்தது. 2005-ல் ஜீப்ரா மஸல் என்ற அயல்நாட்டுச் சிப்பி வந்து, வடிகட்டி இன்னும் தெளிய வெச்சது. 2009-ல் முள் நீர்ப்பூச்சி வந்து, சின்ன மீன்களோட சாப்பாட்டில் கை வெச்சது. மங்கல் வெளிச்சத்துக்குப் பழகின மீனுக்கு ஏரி கண்ணாடி மாதிரி ஆனா, ஒதுங்க இடமே சுருங்கிப்போகுது. கூடவே பைக், ஸ்மால்மவுத் பாஸ் என்ற வேட்டை மீன்கள் பெருகின. வலை ஒஜிப்வேயுடையதுன்னு குறை சொல்லலாம், சிப்பியை யார் மேல சொல்றது?

இப்போ அந்தத் தடை. கொக்கியிலிருந்து விடுபட்ட மீன் எல்லாமே பிழைக்கறதில்லை. கொக்கி எங்கே குத்துச்சு, எவ்வளவு ஆழத்திலிருந்து இழுத்தோம், தண்ணி எவ்வளவு சூடு, இந்த மூணும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது. கெண்டை வகை மீனுக்குக் காற்றுப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் குழாய் உண்டு, சட்டுனு காத்தை வெளியே விட்டுடும். வால்ஐ-க்கு அந்த வழி இல்லை. வேகமா மேல இழுத்தா பை உப்பிடும். சூடான தண்ணியில் ஆக்சிஜன் குறைவு, மீனோட தேவையோ அதிகம். பேச்சுக்கு, மே மாசக் குளிரில் விட்ட நூறு மீனில் இரண்டு சாகுதுன்னா, ஜூலையில் பத்து சாகலாம். ஆயிரக்கணக்கான பேர் தினமும் பிடிச்சு பிடிச்சு விட்டா? அந்த சாவுகளை மதிப்பிட்டு, மாநிலத்தோட பங்கிலேயே கழிக்கறாங்க. ஒருத்தர்கூட ஒரு மீனையும் பொரிச்சுத் தின்னாம, பங்கு தீர்ந்துபோக முடியும். சூடு உச்சத்தில் இருக்கிற மூணு வாரம் மூடினதுக்கு இதுதான் காரணம்.

விட்ட மீனுக்கு வேற ஆபத்தும் இருக்கு. தள்ளாடிக்கிட்டு மேல மிதக்கறதைக் கழுகு கொத்திட்டுப் போயிடும். நூலில் துள்ளும்போதே பைக் மீன் வந்து கவ்வும். எதிர்த்திசையில் நடக்கறதுதான் எனக்கு அதிகம் உறுத்துது. லூன்னு ஒரு முக்குளிக்கிற பறவை, அதுதான் மின்னசோட்டாவின் மாநிலப் பறவை. அரைவைப்பைக்காகக் கூழாங்கல் விழுங்கற பழக்கம் அதுக்கு. அடியில் கிடக்கிற ஈயக்குண்டைக் கல்லுனு நெனச்சு விழுங்கும். அல்லது ஈயத்தோட நூலை அறுத்துக்கிட்டுப் போன மீனைத் தின்னும். ஒரே ஒரு சின்னக் குண்டு போதும், அரைவைப்பை அதை அரைச்சு ரத்தத்தில் கலந்துடும். டங்ஸ்டன், தகரம், பிஸ்மத்னு மாற்று இருக்கு, விலைதான் கூட. நியூ ஹாம்ப்ஷயர் மாதிரி மாநிலங்கள் சின்ன ஈயக்குண்டைத் தடை பண்ணியாச்சு. மின்னசோட்டா சட்டத்தைவிடப் பிரச்சாரத்தையே அதிகம் நம்பியிருக்கு.

பறவை மேல பழி போட்ட கதையும் உண்டு. அதே மாநிலத்தின் லீச் ஏரியில் வால்ஐ குறைஞ்சப்போ, நீர்க்காகங்கள்தான் காரணம்னு 2005-லிருந்து சுட்டுக் குறைச்சாங்க. மீன் திரும்ப வந்தது. ஆனா அதே சமயத்தில் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டாங்க, பிடிக்கும் அளவையும் இறுக்கினாங்க. மூணு மாற்றத்தை ஒரே ரிலீஸில் போட்டுட்டு, பக் சரியானது எதனாலேன்னு கேட்டா என்ன சொல்றது? எங்க தொழிலில் இதை டெஸ்டிங்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

மில் லாக்ஸ் நடுவில் ஸ்பிரிட், ஹென்னபின்னு இரண்டு பாறைத் தீவு இருக்கு. இரண்டும் சேர்ந்து அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, 0.57 ஏக்கர். 1915-லிருந்து தேசிய வனவிலங்கு சரணாலயம், அந்த நாட்டிலேயே மிகச் சின்னது. ஆலாப் பறவைகள் அங்கே முட்டையிடுது. சுத்தியும் படகுகள்.