இளைஞர் தொண்டும் சர்க்கார் பணமும் – 11: ஏழுக்கு ஐந்து

ஜெனரல் போன்ஸ்லேயின் தேசிய ஒழுங்குத் திட்டத்தையும், அதை ஆராய 1959-இல் அமைந்த குன்ஸ்ரு குழுவையும் சென்ற வாரத்தோடு முடித்துக்கொண்டோம்; மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் தணிக்கையைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்கான குறிப்புகளைத் துழாவுகையில் ஒரு விகிதம் கண்ணில் பட்டு, அதை விட்டு நகர மனம் வராமற் போனதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கல்லூரி மாணவர்களை நாட்டுத் தொண்டில் ஈடுபடுத்தும் யோசனை சர்க்காருக்குள் நெடுநாள் உலவியது. சி. டி. தேஷ்முக் தலைமையிலான குழு, பட்டப்படிப்புக்குள் நுழையுமுன் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாய சேவை வேண்டுமென்றது. செலவைக் கேட்டவர்கள் மலைத்தனர். பல தேசங்களின் அனுபவத்தைப் பார்த்துவந்த கே. ஜி. சையிதைன், கட்டாயத்தை விட்டு விருப்பத்தின்பேரில் சிறிதாகத் தொடங்கலாம் என்று 1960-இல் ஆலோசனை கூறினார். இந்த விவாதங்கள் தொடர்ந்த காலத்தில், 1962 முதல் 1967 வரை, மத்தியக் கல்வித் துணை அமைச்சராயிருந்தவர் நம் திண்டுக்கல் தொகுதியின் மக்களவை உறுப்பினர் டாக்டர் சௌந்தரம். நாட்டு நலப்பணித் திட்டம் உருவெடுத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டென்று இவ்வட்டாரத்தார் பெருமையோடு சொல்வார்கள்.

டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாகப் பிறந்து, இளம் வயதிலேயே கணவரை இழந்து, டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் பயின்று, பின்னர் ஜி. ராமச்சந்திரனை மணந்து, அவரோடு சேர்ந்து 1947-இல் சின்னாளப்பட்டிக்கருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்த அந்த அம்மையாரின் கதை தனி நூலுக்குரியது. மாணவர் கையில் மண்வெட்டியைக் கொடுப்பதையும் கல்வியென்றே கருதி, அமைதிப் படையை அமைத்து அவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிய அந்த நிறுவனத்தின் அனுபவம் அவர் பேச்சுக்கு எத்தனை பலம் தந்திருக்குமென்று ஊகிக்கலாம். திட்டம் பிறந்தபோது அவர் பதவியில் இல்லை. காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி, 1969 செப்டம்பர் 24-ஆம் நாள், முப்பத்தேழு பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவர்களுடன் அதனைத் துவக்கிவைத்தவர் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ்.

இனி விகிதத்திற்கு வருவோம். நெடுங்காலம், காஷ்மீர், வடகிழக்கு, மலைப்பிரதேசங்கள் நீங்கலாக ஏனைய மாநிலங்களில், இத்திட்டத்தின் செலவை மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் ஏழுக்கு ஐந்து என்று பகிர்ந்துகொண்டன. பாதிக்குப் பாதியன்று, முக்காலுக்குக் காலுமன்று, ஏழுக்கு ஐந்து! பன்னிரண்டு தம்பிடி சேர்ந்த பழைய அணாவை டில்லிக்கு ஏழு, சென்னைக்கு ஐந்து என்று எண்ணி வைத்தாற்போல் இருக்கிறது. ஆனால் தசம நாணயம் 1957-லேயே வந்துவிட்டதல்லவா? பின்னாளில் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 250 ரூபாய் என்றிருந்த வீதத்தை இவ்வாறு பிரித்தால் டில்லியின் பங்கு 145 ரூபாய் 83 பைசாவும் சொச்சமும், மாநிலத்தின் பங்கு 104 ரூபாய் 16 பைசாவும் சொச்சமுமாகிறது; அந்தக் கடைசிப் பைசா யாருடையதென்று தீர்ப்பதற்கே ஓர் உத்தியோகஸ்தர் வேண்டும். அன்று சிறப்பு முகாமுக்கிருந்த 450 ரூபாயோ 262 ரூபாய் 50 பைசாவாகவும் 187 ரூபாய் 50 பைசாவாகவும் சமர்த்தாகப் பிரிந்துவிடுகிறது. ஐம்பது பேர் ஏழு நாட்கள் கிராமத்தில் தங்க மொத்தம் 22,500 ரூபாய். தலைக்கு நாளொன்றுக்கு அறுபத்து நான்கு ரூபாய் சொச்சத்தில் மூன்று வேளை உணவும் போக்குவரத்தும் அடங்க வேண்டியிருந்தது. திண்டுக்கல் பிரியாணிக் கடையில் ஒரு தட்டுக்குக்கூடக் காணாத தொகை.

வேடிக்கையை விடுத்து விளைவைப் பார்ப்போம். இரு கஜானாக்கள் சேர்ந்து கொடுக்கும் மானியத்தில் ஒன்று தாமதித்தால் மற்றதும் முடங்கும். பணம் டில்லியிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து மதுரைப் பல்கலைக்கழகத்திற்கும், பின் திண்டுக்கல் கல்லூரிக்கும் இறங்கிவருவதற்குள் கல்வியாண்டின் பெரும்பகுதி கழிந்துவிடலாம். முகாமோ விடுமுறையில் நடந்தாக வேண்டும். அப்போது மளிகைக்கடையில் கடன் சொல்பவர், பாடம் நடத்தும் பொறுப்போடு இதையும் சுமக்கும் திட்ட அலுவலரான ஆசிரியரே. 2016 ஏப்ரல் முதல் முழுச்செலவையும் மத்திய சர்க்காரே ஏற்றது நல்ல சீர்திருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் கொடுப்பவர் ஒருவரானதும், கணக்குக் கேட்பவர் இன்னும் தூரமாகிவிட்டார். முகாமில் ஊருணி உண்மையில் தூர்வாரப்பட்டதா என்பதை அறிந்தவர் அந்த ஊர்க்காரர். பணம் செலவானதற்குக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழிலோ அவர் கையெழுத்துக்கு இடமில்லை.

அச்சகத்திலிருந்து ஆள் வந்துவிட்டான். எனவே அந்தச் சான்றிதழும் தணிக்கையும் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்படுகின்றன. ஆத்தூர், வேடசந்தூர், நத்தம் பக்கங்களில் முகாம் நடத்திய முன்னாள் திட்ட அலுவலர்கள் எவரேனும் இதைப் படித்தால், எந்த மாதம் முகாம் நடந்தது, எந்த மாதம் பணம் வந்தது என்ற இரண்டு விவரங்களை மட்டும் ஒரு கடிதத்தில் எழுதியனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.