கூத்தப்பிரான் தொடுத்த வழக்கு

ஓசூர்ச் சாலையில், சந்தாபுராவில் நின்று தமிழ்நாட்டுப் பேருந்துக்காகக் காத்திருப்போர் கூட்டத்தில், கையில் ஒரு துப்பறியும் நாவலுடன் நிற்பவர் ஒருவரேனும் இருப்பார். தொழிற்சாலை வேலை முடித்துச் சனிக்கிழமை இரவு ஊர் செல்வோருக்கு அது நல்ல வழித்துணை. உலகப் புகழ் வாய்ந்த ஓவியம் ஒன்று மறைகிறது. அதனிடத்தில் போலி ஒன்று தொங்குகிறது. அசலோ கடல் கடந்து ஒரு கோடீசுவரரின் மாளிகையை அடைகிறது. துப்பறிவாளர் நாடு நாடாக அலைகிறார். இத்தகைய கதைகளை நாமும் விரும்பிப் படிப்பவரே. ஆயினும் இக்கதைகளில் வருவன யாவும் நம் காவிரிக் கரையிலேயே நடந்தேறியுள்ளன என்பதையும், கதாசிரியர் எவரும் எண்ணிப் பார்த்திராத ஒரு திருப்பம் அவற்றில் உண்டு என்பதையும் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலில் மேனாட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சுருங்கக் கூறுவோம். 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், பாரிஸ் மாநகரின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து லியனார்டோ டா வின்சியின் ‘மோனா லிசா’ களவு போயிற்று. எடுத்தவர் பெருஜியா என்னும் இத்தாலியர். பிழைப்புத் தேடிப் பிரான்சுக்கு வந்து, அதே காட்சியகத்தில் சில காலம் வேலை பார்த்தவர். ஈராண்டுக்கு மேலாகத் தம் அறையிலேயே அதனை மறைத்து வைத்திருந்து, 1913 டிசம்பரில் பிளாரன்சு நகரில் விற்க முற்பட்டபோது பிடிபட்டார். ஓவியம் லூவருக்கு மீண்டது. அது யாருக்கு உரியது என்பதில் நீதிமன்றத்துக்கு ஐயமே எழவில்லை. நம் திருமேனிகளின் கதையோ அத்துணை எளிதன்று.

கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951ஆம் ஆண்டு உழவர் ஒருவர் நிலத்தைத் தோண்டுகையில் சோழர் காலத்து நடராசரும் வேறு சில செப்புத் திருமேனிகளும் வெளிப்பட்டன. அவை ஊர்க் கோயிலில் சேர்க்கப்பட்டன. பின்னர்ச் செப்பனிடுவதற்காக நடராசர் ஒரு சிற்பியிடம் ஒப்படைக்கப்பட்டார். கோயிலுக்குத் திரும்பி வந்ததோ புதிதாக வார்த்த ஒரு நகல். பூசையும் தீபாராதனையும் அந்த நகலுக்கே நடந்துகொண்டிருக்க, அசல் பம்பாய்க்குச் சென்று கைமாறிற்று. 1965இல் பிரிட்டிஷ் மியூசியத்து அறிஞர் டக்ளஸ் பாரட், சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய தம் நூலில், கோயிலில் இருப்பது அசல் அன்று என்று எழுதிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. சொந்த ஊராரும் அறியாத ஒன்றை அயல்நாட்டார் ஒருவர் நூல் எழுதி நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பின்னரும் அசல் நம் கைக்கு எட்டவில்லை. அமெரிக்கா சென்ற நடராசரை, 1973இல் நார்ட்டன் சைமன் என்னும் செல்வர் ஒன்பது இலட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் உடன்பாடு ஒன்று ஏற்பட்டது: உரிமை இந்தியாவுக்கு, பத்தாண்டுக் காலம் காட்சிக்கு வைத்துக்கொள்ளும் சலுகை அவருக்கு. 1986இல் கூத்தப்பிரான் தாயகம் திரும்பினார்.

நகல் வேறு, அசல் வேறு என்று அறிஞர் எங்ஙனம் கண்டார் என்று அன்பர்கள் வினவலாம். அதற்கு வார்ப்பு முறையை அறிதல் வேண்டும். சிற்பி முதலில் மெழுகினால் உருவத்தைச் செய்கிறார். அதன்மேல் களிமண் பூசி உலர்த்திச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறுகிறது. அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் மண் அச்சை உடைத்து உருவத்தை எடுக்கிறார். ஒருமுறை உடைந்த அச்சு மறுமுறை உதவாது. ஆகவே ஒன்றைப் போலவே இன்னொன்று அமைவதில்லை. விரலின் வளைவு, திருவாசியின் சுடர்கள், பீடத்தின் ஓரத்தில் பட்ட சிறு பழுது ஆகியவை ஒவ்வொரு திருமேனிக்கும் தனித்தனி அங்க அடையாளங்கள். எனவே களவுக்கு முன்னர் எடுத்த நல்ல புகைப்படம் ஒன்று இருப்பின், அதுவே தலைசிறந்த சாட்சி.

புகைப்படமே இல்லையெனில்? பத்தூர் வழக்கு அதற்கு விடை கூறுகிறது. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயிலின் அருகே, 1976இல் கூலித் தொழிலாளி ஒருவரின் மண்வெட்டியில் நடராசர் தட்டுப்பட்டார். புதையல் கிடைத்தால் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வாறு அறிவிக்கப்படாமல், கைக்குக் கை விலையேறி அத்திருமேனி இலண்டன் சேர்ந்தது. 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று இரண்டரை இலட்சம் பவுனுக்கு அதனை வாங்கிற்று. செப்பனிடும் பொருட்டுப் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கையில் இலண்டன் போலீசார் அதனைக் கைப்பற்றினர். நிறுவனம் போலீசார் மீது வழக்கிட்டது.

புதையுண்டு கிடந்த உருவத்துக்கு ஏது படம், ஏது பதிவேடு? மண்ணே சாட்சி சொல்லிற்று. திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் பத்தூர் மண்ணும் ஒப்பு நோக்கப்பட்டன. அவ்விடத்தில் கிடைத்த ஏனைய திருமேனிகளின் பாணியோடு இது பொருந்துவதைத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி எடுத்துக்காட்டினார். எல்லாவற்றினும் வியப்பு, உரிமை கோரியவர்களின் பட்டியலே. இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் மட்டுமல்ல. பாழடைந்த அக்கோயிலும், அங்கே எஞ்சியிருந்த சிவலிங்கமும் இலண்டன் நீதிமன்றத்தில் வழக்காடின!

இந்தியச் சட்டத்தில் இது புதுமையன்று. தெய்வத் திருவுருவம் சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் தகுதியுடைய ‘சட்டமுறை ஆள்’ என்பது நெடுங்காலக் கொள்கை. 1925இலேயே இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதனை ஏற்றுள்ளது. அலுவல் முறையில் மொழிபெயர்ப்பில் உழலும் நமக்கு இச்சொல் அடிக்கடி எதிர்ப்படும். ‘ஆள்’ என்று எழுதவும் கை கூசும். ‘பொருள்’ என்றால் சட்டம் பிழைபடும். ஓவியத்துக்கும் திருமேனிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அவ்விரு சொற்களுக்கு இடையில்தான் இருக்கிறது. மோனா லிசா லூவரின் உடைமை. பத்தூர்ச் சிவலிங்கமோ தானே உடையவர். 1988இல் நீதிபதி கோயில் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1991இல் மேல்முறையீட்டு மன்றமும், கோயில் தன் பிரதிநிதி வாயிலாக இங்கிலாந்தில் வழக்காடலாம் என உறுதி செய்தது. அவ்வாண்டிலேயே நடராசர் நாடு திரும்பினார்.

இனிக் கூறப்போவது வெளிமாநிலங்களில் வாழும் நம்மை நேரே தொடும் செய்தி. அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தானில் பிருகதீசுவரர் கோயில் ஒன்று உண்டு. பூசை நின்று, கதவடைத்துக் கிடந்த கோயில் அது. 2006இல் கள்வர் உட்புகுந்து திருமேனிகளைக் கவர்ந்தனர். பாதுகாப்பான இடத்துக்கு அவற்றை மாற்ற 2008இல் அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான் களவு தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் விளக்கேற்றவும் எவரும் உள்ளே செல்லவில்லை என்பதே இதன் பொருள். ஊரில் எஞ்சியோரைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. நாமும் ஊரை விட்டு வந்தவர்களே.

அதே 2008இல் ஆஸ்திரேலியத் தேசிய காட்சியகம், நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து அந்நடராசரை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிற்று. 1970களின் தொடக்கத்திலேயே, அஃதாவது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே, சிலை இந்தியாவை விட்டு நீங்கிவிட்டதாகக் காட்டும் பத்திரங்களும் உடன் தரப்பட்டன. அப்பொய்யை உடைத்தது ஒரு புகைப்படம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956 முதல் தமிழகக் கோயில்களில் ஊர் ஊராகச் சென்று படமெடுத்து வந்துள்ளனர். சிரீபுரந்தான் நடராசரை அவர்கள் படமெடுத்தது 1994இல்! அந்தப் படத்தின் முன் பத்திரங்கள் பயனற்றுப் போயின. கபூர் 2011இல் ஜெர்மனியில் கைதாகி, 2012இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். வேறொரு கோயில் களவு வழக்கில் 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. நடராசரை ஆஸ்திரேலியப் பிரதமர் 2014 செப்டம்பரில் புதுதில்லியில் இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார். விருத்தாசலத்திலிருந்து களவுபோன அர்த்தநாரீசுவரரும் உடன் வந்தார்.

எல்லாக் கோயிலையும் அறிஞர் படமெடுத்திருத்தல் இயலாது. சந்தாபுராவிலும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் தத்தம் பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்களாக. தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்தி, அக்காளின் திருமணம், ஊர்த் திருவிழாவில் உற்சவர் புறப்பாடு என எடுத்த படங்களில், நம்மவர் முகங்களுக்குப் பின்னே அலங்காரம் களைந்த நிலையிலோ அபிஷேக வேளையிலோ சுவாமி தெரியக்கூடும். பட்டும் மாலையும் மூடிய படத்தைவிட அபிஷேகப் படமே அடையாளம் காண உதவும். படத்தின் பின்புறம் ஊர், கோயில், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வைத்து, அடுத்த முறை ஊர் செல்லும்போது பிரதி ஒன்றைக் கோயில் நிருவாகத்தாரிடம் சேர்ப்பித்தல் நலம். முகங்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதனைச் செய்துவிடலாம்.