நாடாளுமன்றத்தில் மக்களுக்கான வாசல்

நாடாளுமன்ற நடைமுறையைப் புதுப்பிப்பது என்றதும் கருவிகளைப் பற்றியே பேச்சு எழுகிறது. இந்திய நாடாளுமன்றத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் முறை 1957இலேயே மக்களவைக்கு வந்துவிட்டது. 1994 முதல் கேள்வி நேரம் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பானது. 2006இல் மக்களவைக்குத் தனி அலைவரிசை கிடைத்தது. 2021இல் இரு அவைகளின் அலைவரிசைகளும் சன்சத் டிவியாக இணைந்தன. திருநெல்வேலியில் இருப்பவர் தம் தொகுதி உறுப்பினர் கேட்ட கேள்வியையும் அமைச்சர் அளித்த பதிலையும் இன்று கைப்பேசியிலேயே படிக்கலாம்.

ஆனால் சட்டம் உருவாகும்போது குடிமக்கள் வாய்திறக்க இடம் தருவது அவையல்ல, குழு அறை. 1993இல் 17 துறைசார் நிலைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. 2004இல் அவை 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். குழுவுக்கு வரும் மசோதா குறித்து நாளிதழ் விளம்பரம் மூலம் கருத்து கேட்பது வழக்கம். உழவர் சங்கமோ மருத்துவரோ தனிமனிதரோ எழுதி அனுப்பலாம். சிலர் நேரில் சாட்சியம் அளிக்க அழைக்கப்படுவர். கேமரா இல்லாத அறை என்பதால் உறுப்பினர்கள் கட்சி எல்லையை ஓரளவு மறந்து பேசுகிறார்கள். நாடாளுமன்றத்தின் மிகப் பயனுள்ள வேலை இங்கேதான் நடக்கிறது.

இந்த வாசல்தான் குறுகியிருக்கிறது. 15ஆவது மக்களவைக் காலத்தில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 17ஆவது மக்களவைக் காலத்தில் சென்றவை சுமார் 16 விழுக்காடுதான். மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்ற விதி இல்லை. 2020இல் மூன்று வேளாண் மசோதாக்களும் குழு ஆய்வின்றி நிறைவேறின. அவற்றில் இரண்டு, வாக்குகளை எண்ணச் சொன்ன எதிர்க்கட்சிகளின் கோரிக்கையையும் மீறி, மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. ஓராண்டுக்கும் மேலாக உழவர்கள் தில்லி எல்லையில் போராடினர். 2021 நவம்பரில் மூன்று சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன. குழு அறையில் கேட்டிருக்க வேண்டிய குரல் நெடுஞ்சாலையில் ஒலித்தது.

வரைவுச் சட்டங்களை 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. அது அமைச்சகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. நாடாளுமன்றத்திடம் மனு அளிக்கும் வழியும் உண்டு. பொதுவாக அதற்கு ஓர் உறுப்பினரின் மேலொப்பம் தேவை. பிரிட்டனிலோ இணைய மனுவில் 10,000 பேர் கையெழுத்திட்டால் அரசு பதில் தருகிறது. ஒரு லட்சம் ஆனால் விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படுகிறது.

மசோதாக்களைக் குழுவுக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்க அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தை 118ஆவது பிரிவு ஒவ்வோர் அவைக்கும் தந்திருக்கிறது.