கொழுப்பை மாற்றிக் குளிரைத் தாங்கும் பாக்டீரியா

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துவிடும்; பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் அப்படியே இருக்கும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் அதிகம். அவற்றின் வால்கள் நேரானவை, நெருக்கமாக அடுக்கி அமைந்து கெட்டிப்படும். நிறைவுறாத கொழுப்பில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் வால் வளைந்திருப்பதால் அந்த அடுக்கு அமையாது.

பாக்டீரியாவின் செல் சவ்வும் இத்தகைய கொழுப்பு அமிலங்களால் ஆனதுதான். சவ்வு இறுகினால் அதில் பதிந்துள்ள புரதங்கள் முடங்கும். மிகவும் இளகினால் அயனிகள் கசியும். உடல் சூட்டைக் காத்துக்கொள்ளும் வசதியோ பாக்டீரியாவுக்குக் கிடையாது. அதனால் அது கொழுப்பையே மாற்றிக்கொள்கிறது. ஈ.கோலையை 15 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்த ஆய்வாளர் மைக்கேல் சினென்ஸ்கி, அந்தந்த வெப்பநிலையில் சவ்வின் இளக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதை 1974இல் காட்டினார்.

குளிர் வந்தது செல்லுக்கு எப்படித் தெரிகிறது? மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸை வைத்து இதற்கு அழகான விடை கண்டது, அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் தியேகோ தெ மெந்தோசாவின் குழு. குளிரில் வால்கள் விறைத்து நிமிர, சவ்வு சற்றே தடிக்கிறது. சவ்வில் பதிந்திருக்கும் டெஸ்-கே என்ற புரதம் உணர்வது அந்தத் தடிமனைத்தான்! உடனே ஒரு மரபணு விழிக்கிறது; அது தரும் நொதி, ஏற்கெனவே சவ்வில் இருக்கும் வால்களில் இரட்டைப் பிணைப்பைப் புகுத்தி வளைக்கிறது. சவ்வு இளகியதும் அதே டெஸ்-கே அந்த மரபணுவை அணைத்துவிடும்.

டொலுவீன் போன்ற கரைப்பான் பட்டால் சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியா இதற்கு நேர்மாறாகச் செய்கிறது: வளைந்த வால்களைச் சில நிமிடங்களில் நிமிர்த்திச் சவ்வை இறுக்குகிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், சூடான அமில ஊற்றுகளில் வாழும் சல்போலோபஸ் (இது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா) ஒரு படி மேலே. அதன் கொழுப்பு மூலக்கூறுகள் சவ்வின் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை நீள்பவை. இரண்டு அடுக்காகப் பிரிய வழியே இல்லை.

இந்தத் திறமை நமக்குப் பாதகமாகவும் முடியும். உணவு வழியே தொற்றும் லிஸ்டீரியா தன் சவ்வில் கிளைத்த கொழுப்பு அமிலங்களின் விகிதத்தை மாற்றிக்கொண்டு, ஃப்ரிட்ஜின் 4 டிகிரி குளிரிலும் மெதுவாகப் பெருகும். கருவுற்ற பெண்களுக்கு அது தொற்றினால் கருச்சிதைவுகூட நேரலாம். காய்ச்சினால் செத்துவிடும் கிருமி இது. ஆகவே ஃப்ரிட்ஜில் வைத்த சாப்பாட்டை, ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகே அவர்களுக்குக் கொடுங்கள்.