கண்புரை அறுவை: கைத்திறனும் கருவியும்

விழிக்குள் ஒளியைக் குவிக்கும் லென்ஸிலுள்ள புரதங்கள் முதுமையாலோ நீரிழிவு போன்ற நோய்களாலோ திரிந்து, லென்ஸ் தன் தெளிவை இழக்கும் நிலையே கண்புரை எனப்படுகிறது. மங்கிய லென்ஸை அகற்றிச் செயற்கை லென்ஸைப் பொருத்துவதே இதற்குத் தீர்வு என்பதால், மங்கிய லென்ஸ் எவ்வளவு பெரிய கீறலின் வழியே, எந்த வடிவில் வெளியேற்றப்படுகிறது என்பதைக் கொண்டே அறுவை முறைகள் வேறுபடுகின்றன.

லென்ஸை அதன் மெல்லிய உறையோடு முழுமையாக எடுத்துவிடும் பழைய முறையில், நோயாளிகள் 'சோடாபுட்டிக் கண்ணாடி' எனப் பேச்சுவழக்கில் சொல்லப்படும் தடித்த கண்ணாடியை வாழ்நாள் முழுவதும் அணிய நேர்ந்தது. 1949இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் பொருத்திய பின், அதைத் தாங்கும் பையாகப் பயன்படும் உறையைக் காப்பதன் அருமை படிப்படியாக உணரப்பட்டது. உறையை விட்டுவிட்டு, லென்ஸின் நடுப்பகுதியான உட்கருவை எடுக்கும் முறைக்கும் 10 முதல் 12 மில்லிமீட்டர் கீறலும் தையலும் தேவைப்பட்டன.

இக்குறையை இரு முறைகள் தீர்த்தன. கையால் செய்யும் சிறுகீறல் முறையில், வெண்விழியில் 6 முதல் 7 மில்லிமீட்டர் அகலச் சுரங்கப்பாதை அமைத்து உட்கரு முழுதாக வெளியே எடுக்கப்படுகிறது; விழியின் உள்ளழுத்தமே அப்பாதையை மூடிவிடுவதால் தையல் வேண்டுவதில்லை. 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் அறிமுகப்படுத்திய பேக்கோ முறையிலோ, மீயொலியால் அதிரும் ஊசி உட்கருவை உடைத்து உறிஞ்ச, 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கீறலின் வழியே மடித்த லென்ஸ் செலுத்தப்படுகிறது; இதனால் கருவிழியின் வளைவு அதிகம் மாறுவதில்லை, கண்ணாடியின் தேவையும் குறைகிறது.

ஆயினும் நன்கு முற்றி இறுகிய புரையை உடைக்க மிகுதியான மீயொலி ஆற்றல் தேவைப்படுவதால், இழந்தால் மீண்டும் வளராத கருவிழி உட்புறச் செல்கள் பாதிக்கப்படலாம். அத்தகைய கண்ணுக்குச் சிறுகீறல் முறை பொருத்தமாக அமைகிறது. நேபாளத்தில் முற்றிய புரையுடையோரிடையே இரு முறைகளையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பின் இரு பிரிவிலும் 98 விழுக்காட்டினர் கண்ணாடியுடன் 6/18 அல்லது அதனினும் மேலான பார்வையைப் பெற்றிருந்தனர். சிறுகீறல் முறை விரைவாகவும் குறைந்த செலவிலும் முடிந்தது.

கீறலையும் உட்கருவைப் பிளப்பதையும் லேசரால் செய்யும் புதிய முறை துல்லியமானது எனினும், திறமையாகச் செய்த பேக்கோவைவிடத் தெளிவாக மேலான பார்வையைத் தருவதாக ஒப்பாய்வுகள் காட்டவில்லை, செலவோ கூடுகிறது. மாறாக, மதுரையில் 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் நிறுவனத்தின் வழியே லென்ஸ்களைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கி, வசதியற்றோருக்கும் இச்சிகிச்சை எட்ட வழிவகுத்தது. முற்றிய புரையிலும் பேக்கோவுக்கு இணையான பார்வையைத் தருவதால், சிறுகீறல் முறையை ஏழைகளுக்கான இரண்டாந்தரச் சிகிச்சை எனக் கருதுவது பிழை. புரையின் இறுக்கம், கருவிழியின் நிலை, மருத்துவரின் பயிற்சி ஆகியவற்றை எடைபோட்டு முறையைத் தேர்வதே நோயாளிக்கு நன்மை தரும்.