பழைய சாகாவை இறக்கிப் பெரிய ரிம் போடுவதா? முதலில் அளவு, பிறகு அழகு

அப்பா ஓட்டிய பழைய புரோட்டோன் சாகாவையோ இஸ்வாராவையோ விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமான சாகா, தோட்டத்திலும் பட்டணத்திலும் பல வீடுகளுக்கு முதல் காராக இருந்தது. இன்று அந்தக் கார்களின் சாவி பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. சாயம் புதிதாக அடித்து, காரைத் தரையோடு இறக்கி, பெரிய ஸ்போர்ட் ரிம் மாட்டி ஓட்டுவதில் இளைஞர்களுக்குத் தனி ஆசை.

அந்த ஆசையில் தவறில்லை. தவறு வரிசையில்தான் நடக்கிறது. கண்ணுக்குப் பிடித்த ரிம்மை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அதை மாட்டிய பிறகு கார் உயரமாகத் தெரிகிறது என்று ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள். டயர் உரசத் தொடங்கியதும் மட்கார்டைத் தட்டி வளைக்கிறார்கள். கடைசியில் பின் இருக்கையில் அம்மாவும் தங்கையும் உட்கார்ந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் டயர் தகரத்தில் தேய்கிறது. காரை எவ்வளவு இறக்குவது என்பதை முதலில் முடிவு செய்து, மிச்சம் இருக்கும் இடத்தை அளந்து, அதற்கேற்ற ரிம்மையும் டயரையும் கடைசியில் வாங்குவதே சரியான வரிசை.

ரிம் பெரிதாகலாம், சக்கரம் பெரிதாகக் கூடாது

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இஸ்வாராவில் வழக்கமாகக் காணப்படும் 175/70 ஆர்13 டயரை எடுத்துக்கொள்வோம். 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைச் சொல்கிறது. 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் பக்கச்சுவர் 122.5 மி.மீ.; சக்கரத்தின் முழு விட்டம் சுமார் 575 மி.மீ.

ரிம்மை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த 575-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். 14 அங்குல ரிம்மில் 185/60 டயர் போட்டால் முழு விட்டம் சுமார் 578. 15 அங்குல ரிம்மில் 195/50 போட்டால் 576. இரண்டும் பொருந்தும். ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்று 16 அங்குல ரிம்மில் 205/50 டயரை மாட்டினால் விட்டம் 611 ஆகிவிடும். அதாவது 36 மி.மீ. கூடுதல். சக்கரத்தின் மேல் விளிம்பு மட்கார்டை நோக்கி 18 மி.மீ. நெருங்கிவிடும். இறக்கிய காரில் அந்த 18 மி.மீ. இடம் கிடைப்பது அரிது.

மீட்டரும் பொய் சொல்லும். முன்பு சரியாகக் காட்டிய மீட்டர், அந்தப் பெரிய சக்கரத்தில் 110 கி.மீ. என்று காட்டும்போது கார் உண்மையில் 117 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலைக் கேமரா மீட்டரைப் பார்ப்பதில்லை. சம்மன் வீடு தேடி வரும்.

நான்கு துளை இருந்தால் மட்டும் போதாது

பழைய சாகாவுக்கும் இஸ்வாராவுக்கும் ரிம்மில் நான்கு துளைகள். அவற்றின் நடுப்புள்ளிகள் வழியே ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் 114.3 மி.மீ. வீராவுக்கும் பிறகு வந்த புதிய சாகாவுக்கும் அது 100 மி.மீ. ஆகவே வீராவின் ரிம் இஸ்வாராவில் ஏறாது. 114.3 என்ற விசித்திரமான எண் நாலரை அங்குலத்தின் மில்லிமீட்டர் கணக்கு. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் வந்த ஆறு சிலிண்டர் ஃபோர்ட் மஸ்டாங்குக்கும் இதே நான்கு துளை, இதே நாலரை அங்குலம்தான்.

அதற்காக மஸ்டாங் ரிம் சாகாவில் அப்படியே உட்கார்ந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ரிம்மின் நடுத் துளையையும் பார்க்க வேண்டும். அந்தத் துளை காரின் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், இடைவெளியை அடைக்கச் சரியான அளவில் ஹப் வளையம் போட வேண்டும். போடாவிட்டால் ரிம் நடுவில் உட்காராமல், வேகம் கூடும்போது ஸ்டீயரிங் நடுங்கலாம். டயரை எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் அந்த நடுக்கம் போகாது.

ஆஃப்செட் என்ற மறைந்திருக்கும் எண்

ரிம் வாங்குகிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ரிம்மில் 'இடி 38', 'இடி 45' என்று பொறித்திருப்பார்கள். ரிம் ஹப்போடு சேரும் முகம், ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கிறது என்பதே அந்த எண். எண் குறையக் குறையச் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே வரும். கூடக் கூட உள்ளே போய் அப்சோர்பரை நெருங்கும்.

5 அங்குல அகல ரிம்மை எடுத்துவிட்டு அதே ஆஃப்செட்டில் 6 அங்குல ரிம் போட்டால், உள்ளேயும் வெளியேயும் 12.7 மி.மீ. கூடும். உள்ளே அவ்வளவு இடம் இல்லையென்றால் ஆஃப்செட் 5 குறைவான ரிம்மைத் தேடலாம். அப்போது உள்ளே 7.7 மி.மீ. மட்டுமே கூடும், வெளியே 17.7 மி.மீ. கூடிவிடும். இடம் எங்கிருந்தும் இலவசமாக வருவதில்லை. ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் எடுத்தாக வேண்டும்.

ஸ்பேசர் போட்டுச் சரிக்கட்டலாம் என்பவர்கள் நட்டைக் கவனிக்க வேண்டும். ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு நட் பிடிக்கும் திருகு குறைந்துபோகும். 12 மி.மீ. தடிமனும் 1.5 மி.மீ. திருகு இடைவெளியும் கொண்ட போல்ட்டில் நட் குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் நீளமான போல்ட் மாற்ற வேண்டும், இல்லையேல் ஸ்பேசரையே மறந்துவிட வேண்டும். புது ரிம் மாட்டி 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்குவதும் கட்டாயம்.

நிற்கும் காரில் அளந்தால் ஏமாற்றம்

பட்டறையில் ஆள் இல்லாமல் நிற்கும் காரில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும் என்று பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். கார் நின்றுகொண்டே இருப்பதற்காக வாங்கியது அல்ல. காரை 40 மி.மீ. இறக்கினால், பள்ளத்தில் விழும்போது சக்கரம் மேலே எழும்ப இருந்த இடத்தில் 40 மி.மீ. போய்விடுகிறது. அந்த மிச்ச இடத்தில்தான் புது டயர் அடங்க வேண்டும்.

ஆகவே சோதனையைச் சுமையோடு செய்ய வேண்டும். முன்னே இருவர், பின்னே மூவர் உட்காரட்டும். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுக்க, வலப்பக்கம் முழுக்கத் திருப்பி, முன் டயர் மட்கார்டின் உள்தகட்டையோ பம்பரின் முனையையோ தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேடான பலகையில் ஏற்றி, பின் மட்கார்டின் உள்மடிப்பு டயரைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ரிம்மில் உரசுகிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம். டயர் உரசினால் சத்தம் கேட்கும். பிரேக் ஹோஸ் தேய்ந்தால் சத்தமே வராது.

ஸ்பிரிங்கை வெட்டுவதும் நெருப்பில் காட்டி இறக்குவதும் ஆபத்தான குறுக்கு வழிகள். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் தொங்கும்போது தன் இடத்தில் இறுக்கமாக உட்காராமல் விலகலாம். சூடுபட்ட ஸ்பிரிங் தன் உறுதியை இழக்கும். அந்தக் காருக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்கும் அதற்கேற்ற அப்சோர்பரும், அல்லது ஹைலோ செட்டும் போடுவதே முறை. இறக்கியதும் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் ஓட்டினால் டயரின் உட்பக்க விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரியும்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டயர் புதிதாகவே தோன்றும்.

தோட்டச் சாலைக்கு எது பொருந்தும்?

13 அங்குல ரிம்மில் 122.5 மி.மீ. இருந்த பக்கச்சுவர், 15 அங்குலத்துக்குப் போனால் 97.5 ஆகக் குறைகிறது. பட்டணத்துத் தார்ச்சாலையில் அது பெரிய குறையில்லை. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில், லோரி ஓடிப் பறித்த பள்ளங்களில், அந்த 25 மி.மீ. வித்தியாசம் ரிம் வளைவதற்கும் வளையாமல் தப்பிப்பதற்கும் உள்ள வித்தியாசம். தினமும் அந்தச் சாலையில் போய் வருபவர்களுக்கு 14 அங்குலமும் 185/60 டயரும் நல்ல நடுவழி. பக்கச்சுவர் 111 மி.மீ. கிடைக்கும், பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

அகல ரிம்மில் ஒடுக்கமான டயரை இழுத்து மாட்டும் பழக்கமும் பரவியிருக்கிறது. டயரின் அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண் அது தாங்கும் எடையைக் குறிக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 73 என்றால் 365 கிலோதான். நான்கு டயருக்கும் சேர்த்துப் பார்த்தால் 440 கிலோ குறைவு. குடும்பத்தோடு பினாங்கு போகும் காரில் அந்தக் குறைவை வைத்து விளையாடக் கூடாது. ரிம்மோடு சேர்த்துப் பழைய டயர் கொடுத்தால், பக்கச்சுவரில் உள்ள தேதி எண்ணையும் பார்க்க வேண்டும். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள்.

சட்டமும் காப்பீடும்

சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கலாம். பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையிலும் கார் தேறாமல் போகலாம். மாற்றம் செய்த காருக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீட்டில் சிக்கல் வரக்கூடும் என்பதால், வேலையைத் தொடங்குமுன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ரிம் கடைக்குப் போகும்போது பணத்தோடு ஒரு தாளையும் கொண்டு போனால் போதும். துளை வட்டம், நடுத் துளை, உள்ளே இருக்கும் இடம், வெளியே இருக்கும் இடம், டயரின் முழு விட்டம், தாங்கும் எடை எண் ஆகிய ஆறையும் அதில் எழுதி வைக்க வேண்டும். கடையில் மின்னும் ரிம் அந்த ஆறுக்கும் பொருந்தினால் வாங்கலாம். ஒன்று பொருந்தாவிட்டாலும், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், அது வேறு யாருடைய காருக்கோ செய்த ரிம்.