மோவாயை இழுக்கும் தீத்தழும்பு

இருக்கன்குடி, சாத்தூர், சிவகாசி வட்டாரம் பட்டாசுத் தொழிலின் பூமி. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நேர்ந்தது போன்ற வெடிவிபத்துகளில் கழுத்து வெந்தவர்களுக்குப் புண் ஆறினாலும் தொல்லை தீர்வதில்லை. தழும்பு சுருங்கி மோவாயை நெஞ்சோடு இழுக்கும். அண்ணாந்து பார்க்க முடியாது, கீழுதடு தொங்கி எச்சில் வழியும்.

இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. தழும்பு முதிர்ந்து இளகப் பெரும்பாலும் ஓராண்டு பிடிக்கும். பிறகு பிளாஸ்டிக் சர்ஜன் இறுகிய தழும்பை அறுத்துக் கழுத்தை விடுவித்து, தொடைத் தோலை ஒட்டுவார். தோல் பிடித்ததா என்பது சுமார் 5 நாளில் தெரியும். அதன்பின் பல மாதம் கழுத்துப்பட்டையும் பயிற்சியும் தேவை. விட்டால் மீண்டும் சுருங்கும். முகம் பழையபடி ஆகாவிட்டாலும் நிமிர்ந்து பார்க்கவும் சிந்தாமல் உண்ணவும் முடியும்.

தழும்பு இப்படிச் சுருங்குவதைக் குறைக்க, கழுத்தில் தீக்காயம் பட்டவரை, மருத்துவர் வேறு சொன்னாலொழிய, தலையணை இல்லாமல் படுக்க வையுங்கள்.